பதினைந்து பார்

தொட்டால் பிழைத்துவிடும்.
வெப்பவிணைக் கம்பியை நுழைத்தால்
சுவாலை அதைச் சுற்றிக்கொண்டு வேறொரு சுவாலையாகிறது.
கம்பி சொல்வது கம்பியின் சூட்டை.

ஆகவே ஒளி.
கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று
ஒரு யன்னலால் நுழைந்து
மறு யன்னலால் கொஞ்சம் குறைந்து வெளியேறும்.
குறைந்ததைத்தான் நான் அளக்கிறேன்.

கிளிநொச்சி, அறிவியல் நகர்,
கிரவல் பாதை முடியுமிடத்தில் பின்புற அறை.
உருக்குக் கலனைப் பரந்தன் பட்டறையில் கடைந்து தந்தவர் அருளப்பு.
உள்ளங்கை அகலத்துக்குக் குவார்ட்ஸ் யன்னல் இரண்டு,
ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு ஆணி.
எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவார்,
கண்ணாடி நோகாமல்.
இடக்கையின் மூன்று விரல் போதும் அவருக்கு.
மிச்சம் எங்கே என்று நான் கேட்டதில்லை.
படிவங்களோடு வந்தவர்கள் கேட்டார்கள்;
கேட்ட பிறகு இரண்டு நாள்
அவர் வேறொருவராய் இருந்தார்.

எரிவதெல்லாம் கடைசியில் கொஞ்சம் தண்ணீர்.
மெதேனுக்குள்ளும் அதுதான் ஒளிந்திருக்கிறது.
நீராவி சில நிறங்களை மட்டும் விழுங்கும்:
ஒரு கோடு குளிரிலேயே பேசும்,
இன்னொன்று ஆயிரம் பாகை தாண்டினால்தான் வாய் திறக்கும்.
ஒன்றை மற்றதால் வகுத்தால் வெப்பநிலை.
கொஞ்சம் தள்ளிக் காபனோரொட்சைட்டு,
எவ்வளவு எரியாமல் போனதென்று காட்டிக்கொடுக்க.

ஒரு பாரில் எல்லாம் ஒழுங்கு,
வரம்பு கட்டிய வயல்போல.
ஐந்தில் வரம்பு கரைகிறது.
பத்தில் ஒன்றின் தோளில் ஒன்று சாய்கிறது.
பதினைந்தில் திரை முழுக்க ஒரே மேடு.
மூலக்கூறுகள் இடிபட இடிபட
எது எதன் கோடென்பது அழிந்துபோகுமெனப்
பாடநூல் இரண்டு பக்கத்தில் விளக்குகிறது.
நெருக்கினால் என்ன ஆகுமென்று அறிய
எனக்கும் அருளப்புவுக்கும்
அந்த இரண்டு பக்கம் தேவைப்படவில்லை.

தனியே நின்றபோது ஒவ்வொன்றும் எப்படி இருந்ததென்று
முன்பே எழுதிவைத்திருந்தால் மட்டும்
மேட்டைப் பிரித்தெடுக்கலாம்.
அதற்கொரு அட்டவணை உண்டு.
கோடுகளுக்கு உண்டு.

நேற்று மார்கழி மழை.
இரணைமடு வான்கதவு திறந்தாயிற்றென்று வாசலில் யாரோ சொன்னார்கள்.
கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது.
மூன்றாம் தடவை நீலச் சுவாலை
பென்சில் முனையளவு குறுகி நிலைத்தது.
கதிர் மட்டும் ஆடியது:
நண்பகல் தார்வீதி தூரத்துப் பேருந்தை நெளிக்குமே,
சூடான வாயுவும் ஒளியை அப்படித்தான் வளைக்கும்.

"பதினைஞ்சு பார்" என்றார் அருளப்பு.
என்னை ஒருமையில் அழைக்காதவர்,
ஆதலால் அமுக்கத்தைத்தான் சொன்னார்.
நானோ பார்த்துக்கொண்டிருந்தேன்:
பருத்த மேட்டின்மீது
ஊசியால் கீறியதுபோல் நான்கு பள்ளங்கள்.

நெருப்பினுடையவை அல்ல.
கலனுக்கு வெளியே கதிர் கடக்கும் ஒரு சாண் தூரத்தை
நைதரசன் ஊதி உலர்த்தி வைப்போம்.
சிலிண்டர் தீர்ந்ததை இருவரும் கவனிக்கவில்லை.
அது அறையின் நீர்,
கதவிடுக்கால் வந்த சாரல்,
மூலையில் சொட்டும் குடை,
யன்னலுக்குக் குனிந்து நின்ற இரண்டு பேரின் மூச்சு.
யாரும் நெருக்காத நீர்.
அதனால்தான் அத்தனை கூர்மை.

நியாயப்படி இந்த ஓட்டத்தை அழிக்கவேண்டும்.
வவுனியாவிலிருந்து அடுத்த சிலிண்டர் வியாழன் வரும்,
அதற்கும் ஒரு விளக்கக் கடிதம் எழுதவேண்டும்.
கணினி பெயர் கேட்டது.
திகதி, அமுக்கம், ஓட்டம் ஏழு என்று அடித்துச் சேமித்தேன்.

சுவாலை அணையாமல்
வால்வை மயிரிழை மயிரிழையாய்த் திறந்தார் அருளப்பு.
பத்து. ஐந்து. இரண்டு.
மேடு பிளந்தது.
கோடுகள் ஒவ்வொன்றாய் வந்து
தத்தம் இடத்தில் நின்றன.

எண்ணினேன். பதினொன்று.
அட்டவணையிலும் பதினொன்று.
மீண்டும் ஒருமுறை எண்ணினேன்.

அருளப்பு குடையைத் தேடிக்கொண்டிருந்தார்.